தண்ணி பாய்

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எனக்குச் சைக்கிள் கடை. பால்ச்சாமி கடை என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். எப்பேர்ப்பட்ட கோட்டம் விழுந்த வீலாக இருந்தாலும் சுற்றிவிட்டுக் கம்பியை நாலு திருகு திருகினால் நேராக வந்துவிடும். என்னால் எடுக்க முடியாமல் போன கோட்டம் ஒன்றே ஒன்றுதான். அது சேக் முகைதீனின் மண்டைக்குள் இருந்தது. சைக்கிளில் தூரம் போகிற மனிதன் எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்கிற விஷயத்தில் அவனுக்கு இருந்த கிறுக்கைச் சொல்கிறேன்.

சேக் தையல் மெஷின் மெக்கானிக். மில் வேலை பார்த்த அத்தா அவன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே மவுத்தாகிவிட, அம்மா ஆரிபா ஒரு பழைய மெஷினை மிதித்துத்தான் அவனை வளர்த்தார். அந்த மெஷினை ஒரு நாள் இவன் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டான். திருப்பி மாட்டத் தெரியவில்லை. அம்மா அடித்த அடியில் ராத்திரிக்குள் மாட்டக் கற்றுக்கொண்டான். அவன் தொழில் படித்தது அவ்வளவுதான்.

கடை வைக்கச் சொன்னால் கேட்க மாட்டான். "மெஷினைத் தூக்கிக்கிட்டுப் பொம்பளையாளுக எங்கண்ணே வருவாக? நாமதான் போகணும்" என்பான். கேரியரில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் திருப்புளி, ஊசி, பாபின், தோல் பெல்ட், ஆயில் கேன். ஒரு நாள் சேத்தூர்ப் பக்கம், ஒரு நாள் சோழபுரம் பக்கம், வியாழக்கிழமையானால் ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு தாண்டி வ. புதுப்பட்டி வரைக்கும் மிதிப்பான். நோன்பு மாதத்தில் மட்டும் வெளியூர் லைன் கிடையாது. அந்த மாதம் முழுக்க வீட்டில் உட்கார்ந்து பழைய மெஷின்களைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

போகிற வீட்டில் முதலில் தண்ணீர், பிறகுதான் மெஷின். "மெஷினுக்கு ஆயில், மனுசனுக்குத் தண்ணி. காஞ்சு போனா ரெண்டும் பல்லைக் கடிக்கும்ணே." இதுதான் அவன் தத்துவம். வீட்டுக்கு இரண்டு செம்பு. தாகம் இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை.

அவன் குடிக்கிற அழகே தனி. நின்றுகொண்டு குடிக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். ஆகவே வாசலில் சம்மணம் போட்டு உட்காருவான். பிஸ்மில்லா சொல்வான். அடுத்த வீட்டுச் செம்பில் வாய் வைக்கக் கூடாது என்பது நம் வழக்கம். ஆகவே அண்ணாந்து ஊற்றிக்கொள்வான். மூன்று மூச்சில் குடிக்க வேண்டும் என்று இன்னொரு விதி. ஆக இரண்டு மதத்து ஆசாரத்தையும் ஒரே செம்பில் அடக்கி, தொண்டை ஏறி இறங்கக் குடித்துவிட்டு, அல்ஹம்துலில்லா என்று சுவரில் சாய்ந்து கண்ணை மூடுவான். பார்க்கிற பொம்பளைகளுக்கு இன்னும் கொஞ்சம் ஊற்றலாமா என்று தோன்றாமல் இருக்காது.

ருசி வேறு சொல்வான். "சோழபுரத்துல வடக்குத் தெருத் தண்ணி கரிக்கும்ணே, தெக்குத் தெருத் தண்ணி சப்புனு இருக்கும். புதுப்பட்டித் தண்ணி இருக்கே, அது தண்ணியில்ல, சர்பத்து."

கிராமத்துக்கு வியாபாரத்துக்கு வருகிற பாய்மார்களுக்கெல்லாம் ஒரு பெயர் உண்டு. அத்தர் பாய், வளையல் பாய், கைலி பாய். நியாயப்படி இவனுக்கு மெஷின் பாய் என்று விழுந்திருக்க வேண்டும். தண்ணி பாய் என்று விழுந்துவிட்டது. பெயர் வைத்தவர்களுக்கு அதில் ஒரு விகல்பமும் இல்லை. இவனுக்கோ பெருமை பிடிபடவில்லை.

"ஏலே சேக்கு, அந்தப் பேரு நல்லால்லலே. தெரியாதவன் கேட்டா வேற மாதிரி நெனப்பான்" என்றேன்.

"நெனச்சா நெனைக்கட்டும்ணே. வாயை மோந்து பாத்தா தெரிஞ்சிட்டுப் போவுது."

என் கட்சி வேறு. மிதிக்கிறவன் வழியில் தண்ணீர் குடித்தால் விலாவில் பிடித்துக்கொள்ளும். புறப்படும்போது ஒரு செம்பு, போய் இறங்கியதும் ஒரு செம்பு, நடுவில் நாக்கை நனைத்தால் போதும். சைக்கிளிலேயே பிறந்து வளர்ந்தவன் நான், எனக்குத் தெரியாதா? நான் சொன்னதை அவன் கேட்டதில்லை, அவன் சொன்னதை நான் கேட்டதில்லை. எங்கள் சிநேகிதம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு கோடையில் சேத்தூரில் வகையாக மாட்டிக்கொண்டான். அங்கே சிவனாண்டி என்று ஒரு மிலிட்டரிக்காரர். ராஜஸ்தான் மணலில் டியூட்டி பார்த்துவிட்டுப் பென்ஷனில் வந்தவர். அவர் வீட்டுக்கு இவன் போனபோது நல்ல உச்சி வெயில். அதற்குள் ஒரு தெருத் தண்ணீர் வயிற்றில் இருந்தது. சிவனாண்டி சும்மா இருக்காமல், "எம்புட்டுத்தான்யா குடிப்பீரு, பாப்போம்" என்று சீண்டிவிட்டார். சேக்குக்கு ரோஷம் வந்துவிட்டது. மிலிட்டரிக்காரர் மனைவி ஊற்ற ஊற்ற ஆறு செம்பு. எழுந்து நின்றவனுக்குத் தலை சுற்றியது. இரண்டு எட்டு வைத்தான், சுவரில் மோதினான், வாந்தி எடுத்தான். நாக்குக் குழறியது.

சிவனாண்டி ஓடிப்போய் ஒரு உப்புக்கல்லைக் கொண்டுவந்து அவன் வாயில் போட்டார். "வேர்வையில உப்பு அம்புட்டும் போயிருச்சு. நீரு வெறுந்தண்ணியா ஊத்திக்கிட்டே இருந்தா இருக்குற உப்பும் கரைஞ்சு போகாதா? மிலிட்டரியில எங்களுக்கு உப்புப் போட்டுத்தான்யா தண்ணி குடுப்பான்" என்று திட்டி, சைக்கிளைத் தன் வீட்டில் நிறுத்திவிட்டு ஆளைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார். சேக் இரண்டு நாளில் அதை மறந்துவிட்டான். நான் மறக்கவில்லை.

இனிமேல்தான் கதை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஜாரில் அசன் முகம்மது என்பவருக்குப் பலசரக்குக் கடை. கடைக்குப் பின்னால் வீடு. அவர் மகள் நூர்பானுவின் மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது என்று சேக்கைக் கூப்பிட்டார்கள். போய்த் திறந்து பார்த்தவன் அசந்துவிட்டான். வழக்கமாக மெஷினைத் திறந்தால் பஞ்சும் தூசியும் எலிப்புழுக்கையும் இருக்கும். இந்த மெஷினில் ஒரு பஞ்சு இல்லை. ஆயில் விடவேண்டிய துளைகளில் எல்லாம் ஆயில் விட்டிருந்தது. பாபின் கேஸ் ஸ்பிரிங் மட்டும் தளர்ந்திருந்தது. திரைக்குப் பின்னால் நின்ற நூர்பானுவை அவன் பார்க்கவில்லை. அவள் வைத்திருந்த மெஷினைப் பார்த்தே விழுந்துவிட்டான்.

திரைக்குள்ளிருந்து ஒரு கை செம்பை நீட்டியது. குடித்தான். மறுபடியும் நீட்டியது. குடித்தான். அன்றைக்கு என்ன துணிச்சலோ, இன்னொன்று கேட்டான். உள்ளேயிருந்து சிரிப்பும் ஒரு குரலும் வந்தன.

"எம்மா, இவிய மெஷின் பாக்க வந்தாகளா, கெணத்தைத் தூர் வார வந்தாகளா?"

அன்று மாலை என் கடைக்கு வந்தவன் ஸ்டூலில் உட்காரவே இல்லை. "அண்ணே, கல்யாணம்னு ஒண்ணு முடிச்சா அந்த மெஷினைத்தான் முடிக்கணும்."

"மெஷினையா?"

"அந்தப் புள்ளையைண்ணே!"

ஆரிபாம்மா ஆள் மூலம் கேட்டுவிட்டார். பையனுக்குக் கைத்தொழில் இருக்கிறது, பெண் வீட்டாருக்கும் பிடித்திருந்தது. "லைன்ல ரெண்டு எடத்துல விசாரிச்சுட்டுச் சொல்லுதேன்" என்று அசன் முகம்மது சொல்லியனுப்பினார். அதில் தப்பில்லை. புளி மூட்டை வாங்கினாலே அடிவரைக்கும் கையை விட்டுப் பார்க்கிற மனிதர் அவர். பெண்ணைக் கொடுக்கிறவர் கைவிட்டுப் பார்க்காமல் இருப்பாரா? ஆனால் அவர் கையை விட்ட இடம்தான் சரியில்லை.

முதலில் சோழபுரத்தில் பஸ் இறங்கினார். எதிர்ப்பட்டவர் அய்யம்மாள். சேக்கின் பழைய வாடிக்கை. அங்கே நடந்த பேச்சை அய்யம்மாளே பிறகு என்னிடம் பெருமையாகச் சொன்னார், மாப்பிள்ளைக்கு நற்சான்று கொடுத்த பெருமை.

"சேக் முகைதீன்னு ஒரு மெஷின் மெக்கானிக்கு இங்கன வருவாராமே?"

"யாரு, நம்ம தண்ணி பாயா? தங்கமான புள்ளையாச்சே!"

அசன் முகம்மதுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தண்ணி பாயா?"

"ஆமா. வந்தவொடனே ரெண்டு செம்பு உள்ள போகணும். அதுக்குப் பொறவுதான் மெஷின்லயே கை வைப்பாரு."

"எங்க போய்க் குடிப்பாரு?"

"எங்க வீட்டுலதான். நாந்தான் ஊத்திக் குடுப்பேன். நான் காட்டுக்குப் போயிருந்தா எம் மக ஊத்திக் குடுப்பா. இந்தத் தெருவுல அவரு குடிக்காத வீடு கெடையாது."

"யா அல்லா!"

"ஆனா ஒண்ணுய்யா. குடிச்சுட்டு ஒரு சொல்லு தப்பாப் பேச மாட்டாரு. செத்த நேரம் செவத்துல சாஞ்சு கண்ணை மூடிக் கெடப்பாரு. பொறவு எந்திரிச்சு வேலையைப் பாப்பாரு." இவ்வளவும் சொல்லிவிட்டு, வெயிலில் வந்த மனிதராயிற்றே என்று அய்யம்மாள் கேட்டார். "ஒங்களுக்கும் ஒரு செம்பு ஊத்தட்டுமா?"

அசன் முகம்மது திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்கு ஓடினார்.

மறுநாள் சேத்தூர். அங்கே சிவனாண்டி. மிலிட்டரிக்காரர் பேச்சில் நேர்மை இருக்கும் என்று நம்பிப் போயிருக்கிறார். நேர்மைக்குக் குறைவில்லை.

"தண்ணியில அவரை அடிக்க ஆளே கெடையாது. நான் எத்தனையோ பேரை மிலிட்டரியில பாத்திருக்கேன், இப்படி ஒரு குடி பாத்ததில்ல. போன கோடையில இந்தா, இந்த எடத்துலதான் ஆறு செம்பு. தொட்டுக்கிட ஒரு உப்புக்கல்லு கூட இல்லாம! காலு நிக்கலை, நாக்குக் கொழறுது, அந்தச் செவத்தோரமா வாந்தி. நாந்தான் பஸ்ல ஏத்தி விட்டேன். ஆனா பையன் சொக்கத் தங்கம். தாராளமாப் பொண்ணு குடுக்கலாம்."

இதற்கு மேல் ஒரு தகப்பன் என்ன கேட்க வேண்டும்? அடுத்த நாளே ராஜபாளையத்துக்குச் சொல் வந்துவிட்டது. தொழில் நல்ல தொழில்தான், ஆனால் குடிகாரனுக்குப் பெண் கொடுப்பதற்கில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கரன்கோவிலிலிருந்து வேறு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்.

ஆரிபாம்மா மகன் சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டு, பிறகு அவன் வாயை மோந்து பார்த்துவிட்டு, பிறகு அழுதாராம். சேக் என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து ஆயில் கேனையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு சோழபுரமும் சேத்தூரும் போய் விசாரித்து வந்தேன். வருகிற வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு. வந்து சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்து எனக்கும் சிரிப்பு அடங்கிவிட்டது.

"கெளம்புலே. நேரா அசன் பாய்கிட்டப் போயிச் சொல்லுவோம். தண்ணின்னா பச்சத் தண்ணிதான்னு."

"எந்தக் குடிகாரன்ணே குடிச்சேன்னு ஒத்துக்கிடுவான்? நான் குடிச்சது பச்சத் தண்ணின்னு போயி நின்னா, எல்லாவனும் சொல்லுததத்தான் இவனும் சொல்லுதாம்பாரு."

அது நியாயமாகத்தான் பட்டது. அதற்கு அடுத்து அவன் சொன்னதுதான் அநியாயம்.

"இன்னைலருந்து லைன்ல ஒரு சொட்டுத் தண்ணி தொட மாட்டேன். தண்ணி பாய்ங்கிற பேரு செத்து ஒழியட்டும். பொண்ணு கெடைக்காட்டாலும் போகுது, நூர்பானு காதுல நான் குடிகாரன்னு விழுந்துச்சே, அது கெடக்கக் கூடாதுண்ணே." சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினான்.

அது 1984, அக்னி நட்சத்திரம். மறுநாள் வியாழக்கிழமை, அவனுடைய லைனிலேயே நீளமான லைன். தனியாக விட மனமில்லாமல் வத்திராயிருப்பில் ஒரு சைக்கிள் பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லி நானும் கூடவே மிதித்தேன்.

புதுப்பட்டியில் கருத்தம்மாள் என்றொரு அம்மா. பெல் சத்தம் கேட்டதுமே செம்போடு வந்துவிட்டார்.

"வேண்டாம்க்கா" என்றான் சேக்.

அந்த அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "ஏன் பாய், எங்க வீட்டுத் தண்ணி ஆகாமப் போச்சா? யாரும் எதுவும் சொன்னாகளா?"

"அதெல்லாம் இல்லக்கா. தாகமில்ல."

"இம்புட்டு வெயில்ல வந்தவருக்குத் தாகமில்லையா? தண்ணி வேண்டாம்னா மெஷினும் பாக்க வேண்டாம், போங்க."

எங்கள் பக்கத்தில் தண்ணீரை மறுப்பது சாதாரணக் காரியம் இல்லை. அன்னந்தண்ணி புழங்குவதில்லை என்றால் உறவே இல்லை என்று அர்த்தம். வேறு வழியில்லாமல் அவன் பங்கு இரண்டு செம்பையும் நான் வாங்கிக் குடித்துச் சமாதானம் செய்தேன். அடுத்த வீட்டிலும் அதே கதை. அதற்கடுத்த வீட்டிலும். ஒரு வீட்டில் மோரும் ஊறுகாயும் வைத்தார்கள், அதையும் ஒரு கை பார்த்தேன். திரும்பும்போது எனக்கு விலாவில் பிடிக்கும் பிடிக்கும் என்று எதிர்பார்த்துக்கொண்டே மிதித்தேன். பிடிக்கவில்லை. காற்றாகப் பறந்தேன். இத்தனை வருஷம் நான் கட்டிக்காத்த கொள்கை அந்த ரோட்டிலேயே பஞ்சராகிவிட்டது. சேக்கிடம் மூச்சு விடவில்லை.

கிருஷ்ணன்கோவில் தாண்டியபோது அவனுக்கு வேர்ப்பது நின்றுவிட்டது. சட்டை காய்ந்து முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. உதடு வெடித்திருந்தது.

"ஒரு வாய் குடிலே, ஒங்காலைப் பிடிக்கேன்."

"பஜார் வழியாப் போவம்ணே." நாக்கு ஒட்டிக்கொண்டு பேச்சு இழுத்தது. "அசன் பாய் கடை முன்னால நிமிந்து போகணும். நான் எப்படிப் போறேன்னு அவரு கண்ணால பாக்கணும்."

பார்த்தார்.

பஜார் முனையில் திரும்பும்போதே ஹேண்டில்பார் ஆடியது. ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போனான், அங்கிருந்து இங்கே வந்தான். ஒரு கிழவி வெற்றிலைக் கூடையை இழுத்துக்கொண்டாள். நான் "பிரேக்கைப் பிடிலே!" என்று கத்தினேன். பலசரக்குக் கடைகளில் உப்பு மூட்டையை மட்டும் வெளியில்தான் போட்டிருப்பார்கள். நேராகப் போய் அசன் முகம்மதுவின் உப்பு மூட்டையில் மோதி, அதன் மேலேயே தலைகுப்புற விழுந்தான். வாயெல்லாம் உப்பு. மரப்பெட்டி திறந்து பாபின்கள் பஜார் முழுக்க உருண்டன.

"தண்ணி போட்டிருக்கான்டோய்!" என்று ஒருவன் கத்தினான். கூட்டம் கூட அந்த ஒரு சத்தம் போதாதா?

அசன் முகம்மது தராசைப் போட்டுவிட்டு வந்தார். முகம் சிவந்திருந்தது. "பட்டப்பகல்ல குடிச்சுட்டு என் கடை வாசல்லயே வந்து விழுதியா? எவ்வளவு தைரியம் இருக்கணும்! நல்லவேளை, எம் மகளை அல்லா காப்பாத்துனான்!"

சேக் தலையைத் தூக்கினான். "மா… மாமா… பாபின்…" அதற்கு மேல் வரவில்லை. மறுபடி மூட்டையில் சாய்ந்தான்.

நான் அவனைத் தூக்கப் போவதற்குள் ஏட்டு ஆண்டிச்சாமி தொப்பியைச் சரிசெய்துகொண்டே வந்துவிட்டார். குனிந்து சேக்கின் முகத்துக்கு நேராக மூக்கை நீட்டி, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். "ஊது."

சேக் ஊதினான். காற்று வரவில்லை.

"நல்லா ஊதுலே!"

உதட்டைக் குவித்தான். வெடித்த உதட்டில் ரத்தம்தான் வந்தது. ஏட்டு இன்னும் கிட்டப் போய் மோந்து பார்த்தார். கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். "ஏய், தள்ளி நில்லுங்கய்யா! இவன் தண்ணி போட்டவன் இல்ல, தண்ணியே இல்லாதவன். நாக்கு காஞ்சு கெடக்கு!"

அந்த நேரத்தில் கடைக்குள்ளிருந்த திரை விலகியது. நூர்பானு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு செம்போடு பஜாருக்கே வந்துவிட்டாள்.

"ஏட்டி, உள்ள போ!" என்றார் தகப்பன்.

"மொதல்ல மனுசன் பொழைக்கட்டும் அத்தா. பொறவு திட்டுங்க."

எனக்குச் சிவனாண்டி ஞாபகம் வந்தது. "வெறுந்தண்ணி குடுக்காதம்மா, உப்புப் போடு!" என்று கத்தினேன். ஏட்டு சொன்னதைக் கேட்டு ஏற்கெனவே கதிகலங்கி நின்ற அசன் முகம்மது, மூட்டையில் கையை விட்டு ஒரு கைப்பிடி அள்ளிவிட்டார். நூர்பானு செம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"கருவாடா போடுதிய அத்தா? ஒரு சிட்டிகை போதும். அந்தச் சீனியில கொஞ்சம் எடுங்க."

ஏட்டும் நானும் சேக்கை உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டோம். அவன் மூன்று மூச்சு விதியை மறந்து ஒரே இழுப்பாக இழுக்கப் பார்த்தான். அவள் செம்பை எடுத்துவிட்டாள்.

"மடக்கு மடக்குன்னு குடிக்கப்படாது. ஒவ்வொரு வாயாக் குடிங்க."

ஒரு வாய் குடித்தான். "இன்னும்" என்றான்.

"பொறுங்க. செத்த நேரம் கழிச்சுத் தாரேன்."

அவன் பொறுத்தான்! எத்தனை ஊர்க் கிணறு பார்த்தவன், என் பேச்சை ஒரு நாளும் கேட்காதவன், ஒரு செம்புக்கு முன்னால் கைகட்டாத குறையாகக் காத்திருந்தான். எவ்வளவு குடிக்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்ல ஒரு ஆள் வந்துவிட்டதை அப்போதே நான் பார்த்துவிட்டேன். பார்க்க வேண்டியவர் இன்னும் பார்க்கவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக அவன் கண் தெளிந்தது. அசன் முகம்மது குனிந்து கேட்டார். "ஏம்ப்பா, இந்த வெயில்ல தண்ணி குடிக்காமலா சைக்கிள் மிதிப்பாக?"

சேக் அவரை நிமிர்ந்து பார்த்தான். "தண்ணி குடிச்சதுனாலதான மாமா பொண்ணு இல்லைன்னு சொன்னீக?"

அசன் முகம்மது விழித்தார். "என்ன தண்ணி?"

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "கெணத்துத் தண்ணி பாய்! அய்யம்மா வீட்டுக் கெணத்துத் தண்ணி! சேத்தூர்ல ஆறு செம்பும் பச்சத் தண்ணி! ஒங்களுக்கும் ஒரு செம்பு ஊத்தட்டுமான்னு அந்தம்மா கேட்டாகள்ல, அதை வாங்கி ஒரு வாய் குடிச்சுப் பாத்திருந்தா இம்புட்டும் வந்திருக்குமா? ஊரெல்லாம் விசாரிச்சீகளே, என்ன தண்ணின்னு ஒரு வார்த்தை கேட்டீகளா?"

பஜாரே கொல்லென்று சிரித்தது. வெற்றிலைக் கிழவி வாயில் போட்டதைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். அசன் முகம்மது சிரிக்கவில்லை. அவர் உதடு அசைந்தது. அய்யம்மாள் சொன்னதையும் சிவனாண்டி சொன்னதையும் மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. ஒவ்வொரு வரியாக ஓட ஓட முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

செம்பில் கால்வாசி மிச்சமிருந்தது. சேக் அதை நூர்பானுவிடமிருந்து வாங்கி அவர் பக்கம் நீட்டினான். கிண்டல் இல்லை. அவனுக்குக் கிண்டல் செய்யத் தெரியாது. "நீங்களும் ஒரு வாய் குடிங்க மாமா. வேர்த்து ஊத்துது."

அவர் கூட்டத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு, சலவை செய்த வெள்ளைக் கைலியை மடித்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க, தன் கடை வாசலில், நடுப்பஜார்ப் புழுதியில், சேக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நின்றுகொண்டு குடிக்கக் கூடாதே. பிஸ்மில்லா என்றார். மூன்று மூச்சாகக் குடித்தார். மூன்றாவது மூச்சில் அடியில் தங்கியிருந்த உப்பு வந்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தார்.

"உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான ஆகணும் பாய்" என்றார் ஏட்டு.

"ஆமா ஏட்டையா. தின்னது நாந்தான்" என்றார் அசன் முகம்மது. வெறும் செம்பை மகளிடம் நீட்டினார். "ஏட்டி நூரு, மாப்பிள்ளைக்கு இன்னொரு செம்பு கொண்டா."

அதுவரை அழாத சேக் அப்போதுதான் அழுதான். நூர்பானு செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, பஜாரில் உருண்டு கிடந்த பாபின்களைப் பொறுக்க ஆரம்பித்தேன்.